கடைசி மழை பெய்த நாள்

18-7-1974

தமிழாராய்ச்சி மாநாட்டில் மின்கம்பி அறுந்து விழுந்து சனம் செத்த வருசம் இது. பாணுக்கு விடியமுன் வரிசையில் நிற்கிற வருசம். அரிசிச் சாக்கைப் பொலிசு மறித்துப் பறிக்கிற வருசம். சுன்னாகத்துப் பக்கம் மிளகாயும் வெங்காயமும் விற்றவன் எல்லாம் தண்ணீர் இறைக்க மோட்டார் வாங்கி, அதற்கு மாலை போட்டுப் படமும் பிடித்த வருசம். எண்ணாகச் சொல்ல எனக்கு வராது. மேலே உள்ள எண்ணை மருமகள் போட்டாள்.

எழுத்தும் வராது. நான் ஆழ்வாப்பிள்ளை, கடலில் கிடந்து கரையில் கிழடானவன். மனைவி போய்விட்டாள். ஒரே மகன் சோமசேகரம் தையில் வேலைக்குக் கப்பலேறினான். ஏறும்போது, "அப்பு, நடக்கிறதை எல்லாம் சொல்லுங்கோ. இவள் எழுதட்டும். நான் வந்து வாசிக்கிறன்" என்றான். இவள் என்பது செல்வநாயகி. நெல்லியடியில் பெரிய வகுப்புவரை படித்தவள். இப்போது வயிற்றில் பிள்ளை.

எழுத்து அச்சுப்போல இருக்கிறதாம். கறி அப்படியில்லை. இதையும் எழுது என்றேன். எழுதிவிட்டு, "புளி கூடினது உங்கடை நாக்குக்குத்தான் மாமா" என்றாள். அதையும் எழுதச் சொன்னேன்.

தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று. கண்ணுக்குள் மண். மழையைக் கண்டு கனநாள்.

2-8-1974

மீன் இல்லை. காற்று மட்டும் உண்டு.

14-9-1974

பெட்டைப் பிள்ளை பிறந்திருக்கிறது. முப்பத்தொரு நாள் துடக்குக் கழிந்து இன்றுதான் மருமகள் பேனை பிடிக்கிறாள். பிள்ளை கறுப்பு. என் தாயின் மூக்கு. ஆண்பிள்ளை என்றுதான் நினைத்திருந்தேன். "அடுத்த முறை பாப்பம்" என்று ஆறுதல் சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். ஆறுதல் சொன்னால் பெண்களுக்குக் கோபம் வருகிறது.

28-9-1974

இன்று வலைக் கொட்டிலில் என்னைச் சோதித்தார்கள். கடலுக்குப் போகாத கடற்காரனுக்கு வேறென்ன விளையாட்டு?

"ஆழ்வாரண்ணை, பெரிய வெள்ளம் எப்ப?" என்று கதிரவேலுச் சம்மாட்டி கேட்டான். இந்தத் துறையில் கரைவலையும் அவனுடையது, குடிதண்ணீர்க் கிணறும் அவனுடையது. ஆகையால் முதல் கேள்வியும் அவனுடையது.

"உன்ரை தேப்பன் வள்ளத்தைக் கோயில் வாசல்லை கட்டின மார்கழி. அண்டைக்கு நீ உன்ரை மாமியைத் தோளிலை தூக்கிக்கொண்டு ஓடினனீ. பாதி வழியிலை களைச்சு, தண்ணிக்குள்ளையே இறக்கி விட்டனீ."

"அப்ப புயல்?"

"பாம்பன் பக்கம் ரயிலைக் கடல் விழுங்கின மார்கழி. உன்ரை மீன்வாடிக் கூரை என்ரை முற்றத்திலை வந்து விழுந்தது. இண்டைக்கும் என்ரை ஆடு அதுக்குக் கீழைதான் நிக்குது."

சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள். "அரசாங்கக் கச்சேரியிலை வைச்சுப் பூட்டவேண்டிய மூளையப்பா உது" என்றான் ஒருவன்.

எழுத்துத் தெரிந்தவன் நாளைத் தாளில் போட்டுவிட்டு மறந்துவிடுவான். எனக்குத் தாள் இல்லை. ஒவ்வொரு நாளையும் ஓர் ஆளின் தலையில் கட்டி வைப்பேன். ஆள் நடமாடும்வரை நாளும் நடமாடும். இதைவிட நல்ல வழி இருந்தால் படித்தவர்கள் சொல்லட்டும்.

20-10-1974

காற்று பெயர்ந்துவிட்டது. வாடை. கடல் நிறம் மாறி, முகில் ஒன்றிரண்டு வந்து, கரையை எட்டிப் பார்த்துவிட்டுத் தெற்கே போய்விட்டது. குளிர் இருக்கிறது, ஈரம் இல்லை. வெறும் வயிற்றோடு வருகிற காற்று.

இளைப்பாறிய வாத்தியார் கனகரத்தினம் கொட்டிலில் பேப்பர் வாசிப்பார். இன்று ஒரு புதினம் சொன்னார். எங்கேயோ பசுபிக் என்று ஒரு பெருங்கடலாம். அங்கே தண்ணீர் சூடேறுவதும் ஆறுவதுமாக இருக்க, உலகத்து மழையெல்லாம் இடம் மாறுமாம்.

"இன்னும் முழுக்கப் பிடிபடேல்லை. ஆராய்ஞ்சு கொண்டிருக்கினம். எங்களைப் போலத் தீவிலை கிடக்கிறவைக்குத்தான் முதல் அடி" என்றார்.

"அங்கை தண்ணி ஆறினா, இங்கை என்ரை கிணறு ஏன் மாஸ்டர் வத்தவேணும்?" என்றான் கதிரவேலு.

"கடல் ஒண்டுதானே காணும்."

"அப்ப ஆரைப் பிடிச்சுக் கேக்கிறது? கப்பல் பிடிச்சுப் போய் அந்தக் கடலுக்கு உதைக்கிறதோ?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். கேட்டவன் மட்டும் சிரிக்கவில்லை. உதைக்க எட்டுகிற தூரத்தில் அவனுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

9-11-1974

கிணற்றில் மேல்தண்ணீர் மட்டும்தான் நல்லது. வாளி கொஞ்சம் ஆழப் போனாலும் கரிக்கிறது. அதனால் சம்மாட்டியின் பெண்சாதி மகாதேவி கிணற்றுக்கட்டில் நின்று, வீட்டுக்கு ஒரு குடம் என்று அளந்து விடுகிறாள். விடிய ஒருக்கால், பொழுதுபட ஒருக்கால். அதைத் தவறவிட்டால் கடற்கரை மணலில் தோண்டிய பூவலில் ஊறுகிற உவர்தான்.

கொட்டிலில் இன்று பகிடி இல்லை. கதிரவேலு கேட்டான்: "கடைசியா ஒழுங்கா மழை பெய்தது எப்ப அண்ணை? சும்மா சொல்லாதையுங்கோ, சரியாச் சொல்லுங்கோ."

நான் எப்போது சும்மா சொன்னேன்?

"போன ஐப்பசி. என்ரை மோன் பொம்பிளை அழைச்சுக்கொண்டு வந்த அண்டைக்கு. சந்தி திரும்ப ஒரு இடி. கொட்டு கொட்டெண்டு கொட்டினது. மருமோள் வாசல் படலைக்குள்ளை காலை வைச்சாள், மழை விட்டுது. விட்டது விட்டதுதான்."

வலை பொத்துகிற ஊசிகள் எல்லாம் நின்றுவிட்டன. அப்படி ஒரு ஞாபகமா என்று வியக்கிறார்கள் என நினைத்தேன். நிமிர்ந்து நடந்து வீட்டுக்கு வந்தேன்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்க, செல்வநாயகி எழுத்தை நிறுத்தினாள். "ஏன் மாமா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"உள்ளதைச் சொன்னனான்."

12-11-1974

கிணற்றடியில் மகாதேவி மருமகளைக் கேட்டாளாம்: "காலிலை என்ன பிள்ளை வைச்சிருக்கிறாய், வானத்தைப் பூட்டுற சாவியோ?" மற்றப் பெண்கள் சிரித்தார்களாம். குடத்தை முக்கால்வாசியில் நிறுத்திவிட்டார்களாம்.

பெண்களின் கதை. இரண்டு நாளில் அடங்கும்.

14-11-1974

அடங்கவில்லை.

சரி. எனக்கு நானே சொல்கிறேன். அந்த ஐப்பசிக்குப் பிறகும் மழை பெய்தது. மாசியில். கதிரவேலுவின் மகளுக்கு முல்லைத்தீவில் கலியாணம். ஊர் முழுக்க லொறி பிடித்துப் போய்விட்டது. செல்வநாயகி மசக்கையில் சத்தி எடுத்துக்கொண்டு கிடந்தாள். துணைக்கு நான் நின்றேன். விடியத் தொடங்கி மத்தியானம்வரை நல்ல மழை. கிடாரம், வாளி, வைத்ததெல்லாம் நிரம்பி வழிந்தது. அவள் வாசலில் நின்று கையை நீட்டி மழை பிடித்தாள். நான் பேசினேன், தடிமன் பிடிக்கும் உள்ளே போ என்று. ஊர் திரும்பி வரச் சில நாள் ஆனது. அதற்குள் மணல் எல்லாவற்றையும் குடித்துவிட்டது.

அதை எப்படி மறந்தேன்? மறக்கவில்லை. படலையும் காலும் என்று சொல்ல வாய்க்கு நன்றாக இருந்தது. மாசியைச் சேர்த்தால் கதை கெட்டுவிடும்.

பிள்ளை, இதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள்.

"மாமா, இதை நாளைக்குக் கொட்டிலிலை சொல்லிவிடுங்கோ. நான் சொன்னா ஆரும் நம்பாயினம். நீங்கள் சொன்னா நம்புவினம்."

ஓம் என்றேன்.

17-11-1974

போனேன். சொல்லத்தான் போனேன்.

"சம்மாட்டி, அந்த மழை விசயம்" என்று தொடங்கினேன்.

"அண்ணை, நீங்கள் சொல்லித்தான் எங்களுக்குக் கண் திறந்தது" என்று தன் பலகையில் தள்ளி இருந்து எனக்கு இடம் விட்டான். கையால் வெற்றிலை மடித்துத் தந்தான். அடுத்த துறையிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். என்னைக் காட்டி, "உவர்தான் ஆழ்வாப்பிள்ளையர். ஒரு நாள் பிசகாது. வெள்ளைக்காரன் வைச்ச மணிக்கூடு பிசகும்" என்றான். அவர்கள் எழும்பி நின்றார்கள்.

எனக்காக யாராவது எழும்பி நின்று எத்தனை காலம்!

வாயில் வெற்றிலை இருந்தது. அதோடு வந்துவிட்டேன்.

"சொன்னனீங்களோ?"

"நாளைக்கு."

20-11-1974

இன்று அவளைக் கிணற்றுக்கட்டில் ஏற விடவில்லை. எனக்கென்று ஒரு செம்பு கொடுத்து அனுப்பினார்கள், "மாமனாருக்கு மட்டும்" என்று. அவள் பூவலில் அள்ளிக்கொண்டு வந்து காய்ச்சினாள். காய்ச்சினால் உப்புப் போகுமா? பிள்ளைக்கு முலைப்பால் போதவில்லை; இரண்டு நாளாக வயிற்றாலை போகிறது.

என் செம்பில் பாதியைக் கொடுத்தேன். மீதியை நான் குடித்தேன். தாகம்.

22-11-1974

"இண்டைக்குச் சொன்னனீங்களோ மாமா?"

காய்ச்சல் மாதிரி இருந்தது, போகவில்லை. காய்ச்சல் இல்லை.

24-11-1974

கொடும்பாவி கட்டப் போகிறார்கள். மழை மறுத்த வருசங்களில் கட்டுவதுதான். வைக்கோலால் ஒரு பெண்ணைச் செய்து, ஊரின் பாவமெல்லாம் உவள் என்று கயிறு கட்டி இழுத்து, மாரடித்து, ஒப்பாரி வைத்து, கடற்கரையில் எரிப்பார்கள். ஆர் என்று இல்லாத ஒரு பாவி. பழைய சேலை ஏதாவது சுற்றுவார்கள்.

இந்த முறை கதிரவேலு படலைக்கு வந்தான். உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, மரியாதையாக நின்றான்.

"அண்ணை, குறை நினைக்கக்கூடாது. பிள்ளையின்ரை கலியாணக் கூறைச்சேலை வேணும்."

நான் அப்போது ஒரு சொல் சொல்லியிருக்கலாம். முல்லைத்தீவுக் கலியாணம் என்ற ஒரு சொல். அவனுடைய மகளின் கலியாணம்தானே. நாவின் நுனியில் நின்றது. சொன்னால் என்ன நடக்கும்? 'அண்ணை, நீங்களும் பிசகுவியளோ?' என்பான். அவ்வளவுதான். அந்த ஒரு வசனம்தான்.

பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

செல்வநாயகி எழுதும்போது கேட்டாள்: "அவை எடுத்தது எண்டு எழுதட்டோ, நீங்கள் குடுத்தது எண்டு எழுதட்டோ மாமா?"

கொடுத்தது என்றே எழுது என்றேன்.

25-11-1974

இழுத்தார்கள். எங்கள் ஒழுங்கையால்தான் இழுத்தார்கள். வேறு வழியும் இருந்தது. மகாதேவிதான் ஒப்பாரியைத் தொடங்கினாள், நல்ல குரல். ஒருவரும் பெயர் சொல்லவில்லை. கூறைச்சேலையே போதுமாயிருந்தது. கண்ணுக்குச் சிப்பி வைத்திருந்தார்கள். கட்டியவனின் கை நல்ல கை. படலையில் நின்று பார்த்தேன். என் மேல் படாமல் விலத்தி, வீட்டுப் பக்கம் மண் எறிந்தார்கள். அவள் உள்ளே பிள்ளையின் உதட்டைத் துணியால் நனைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அழவில்லை. அழுதால் நல்லது.

பிறகு கடற்கரையில் புகை.

போதும், எழுதியது காணும் என்றேன்.

"நீங்கள் இன்னும் முடிக்கேல்லை மாமா" என்றாள். பேனையைக் கீழே வைக்கவில்லை. நான்தான் எழும்பிப் போனேன்.

15-12-1974

இது கனகரத்தினம் மாஸ்டரின் கை. கேட்டதும் வந்தார்.

இழுத்த மறுநாள் முதல் பஸ்ஸில் மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சொல்லிவிட்டுப் போகவில்லை. அங்கே ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். பிந்திவிட்டதாம். அவளின் தமையன் வந்து, தாயையும் செத்த பிள்ளையையும் சுன்னாகத்தில் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். எனக்கு ஆள் அனுப்பினான், வரவேண்டாம் என்று சொல்ல.

பிள்ளையைப் புதைத்த அன்று இங்கே மழை.

நல்ல மழை. கிணறு ஏறிவிட்டது. கதிரவேலு முற்றத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று நனைந்தான். "பாத்தியளோ! பாத்தியளோ!" என்று தெருவெல்லாம் கத்தினார்கள். மகாதேவி ஒரு குடம் தண்ணீரும் விளைமீன் கறியும் கொண்டுவந்து வைத்தாள். "உங்கடை வாயாலைதான் ஊருக்குத் தண்ணி வந்தது அண்ணை" என்றாள்.

கறியைத் தின்றேன். நல்ல கறி.

மாஸ்டர் எழுதுமுன் பழைய பக்கங்களைத் திருப்பினார். மாசி மழைப் பக்கத்தில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

"உமக்குத் தெரிஞ்சிருந்துது."

"ஓம்."

"அவளும் இதைத் தன்ரை கையாலை எழுதியிருக்கிறாள்."

"ஓம்."

அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பாராமல்தான் எழுதுகிறார்.

30-11-1975

இந்த வாடையும் வெறும் காற்று. இப்போது மருமகள் இந்த ஊரில் இல்லை. ஆனாலும் மழை இல்லை. அதற்கும் காரணம் வைத்திருக்கிறார்கள்: போகும்போது மண் அள்ளித் தூற்றிவிட்டுப் போனாளாம். பிள்ளையைத் தூக்கிய கை மண்ணை எப்படி அள்ளும் என்று கேட்டேன். மாஸ்டர் மட்டும்தான் பக்கத்தில் நின்றார். மற்றவர்களுக்குக் கேட்கும்படி நான் கேட்கவில்லை.

8-2-1976

சோமசேகரம் வந்திருக்கிறான். முதலில் சுன்னாகத்துக்குத்தான் போயிருக்கிறான். இங்கே வந்து, சாப்பிடாமல், குந்தியிருந்து வாசித்தான். வாய்விட்டு வாசித்தான், எனக்குக் கேட்க. நான் சொன்ன சொற்கள்தான். அவன் குரலில் கேட்க வேறு ஆள் சொன்னதுபோல் இருந்தது. கூறைச்சேலைப் பக்கத்தை முடித்ததும் கேட்டான்:

"அப்பு, அந்த மாசி மழையிலை நீங்களும் நனைஞ்சனீங்களோ?"

"கிடாரத்தைத் தூக்கி வைக்கேக்கை நனைஞ்சனான்."

"வாருங்கோ கொட்டிலுக்கு."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். எல்லாரும் இருந்தார்கள். நான் சொன்னேன். கடைசியில் சொன்னேன். முல்லைத்தீவுக் கலியாணம், லொறி, விடிய, மத்தியானம், வழிந்த வாளி, ஒன்றையும் விடவில்லை. என் வாழ்நாளில் இவ்வளவு சரியாக ஒரு நாளையும் நான் சொன்னதில்லை.

கதிரவேலு என்னைப் பார்த்த விதம்... பரிதாபம். என் முதுகைத் தடவினான்.

"பாவம், அண்ணைக்கு வயசு போட்டுது. மருமோள், பேத்தி எண்டு கவலை வேறை. நாளெல்லாம் கலங்குது" என்று மகனுக்குச் சொன்னான். "நீ தம்பி, பெண்சாதிக்காகக் கிழவனைப் போட்டு வதைக்காதை."

"எனக்கு ஒண்டும் கலங்கேல்லை!" என்று கத்தினேன்.

"ஓம் ஓம், இருங்கோ அண்ணை, தண்ணி குடியுங்கோ" என்றார்கள். ஒருவன் சிரிப்பை அடக்கினான்.

சோமசேகரம் என் கையை விட்டான். வீட்டுக்கும் வரவில்லை. அப்படியே பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

9-2-1976

கொட்டிலில் இனி என்னை நாள் கேட்கமாட்டார்கள்.

3-6-1980

மகன் இல்லை. திரும்பவும் கப்பலேறியிருந்தான், மனைவியைச் சுன்னாகத்தில் விட்டு. கப்பல் மூழ்கிய கடலின் பெயரை மாஸ்டர் இரண்டு தரம் சொன்னார், பிடிபடவில்லை. கடல் ஒன்றுதானே என்றேன். சுன்னாகத்துக்கு அவர்தான் துக்கத்துக்குப் போய்வந்தார். அவளுக்கு வேறு பிள்ளை இல்லையாம். அழுதாளா என்று கேட்டேன். "உமக்கு ஏன்?" என்றார்.

26-2-1983

எழுத ஆள் இல்லாமல் கிடந்தேன். யாழ்ப்பாணத்தில் நூலகம் எரிந்த வருசம் மாஸ்டர் போய்விட்டார். இப்போது மானிப்பாய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறேன். கால் வீங்கிவிட்டது, மூச்சு எட்டவில்லை. எழுதுகிறவள் பெர்னடெட், நர்ஸ். குருநகர்ப் பெட்டை, ஓயாத வாய். வேலை முடிந்து வீட்டுக்குப் போகுமுன் கொஞ்சம் எழுதித் தருகிறாள்.

வெளியே வெயில் கொல்கிறது. கார்த்திகைக்குப் பிறகு ஒரு துளி இல்லை. இந்த முறை அந்தப் பசுபிக் கடல் கொதிக்கிறதாம், எத்தனையோ தேசத்துத் தீவுகளில் பயிரும் தண்ணீரும் இல்லையாம், றேடியோவில் கேட்டதாக பெர்னடெட் சொன்னாள். ஊரிலிருந்து வந்த ஒருவன் சொன்னான், எங்கள் துறையில் வைக்கோல் சேர்க்கிறார்கள் என்று. இந்த முறை யாருடைய சேலை என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

"அப்பு, பெரிய டொக்டர் கேக்கச் சொன்னவர். உங்களுக்கெண்டு ஆர் இருக்கினம்? ஏதும் ஒண்டெண்டால் ஆருக்கு அறிவிக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை."

"ஒருத்தருமோ? ஊர் முழுக்க உங்களைத் தெரியும் எண்டு நேற்று வீரம் கதைச்சனீங்கள்!"

தெரிந்தவர்களைச் சொன்னேன். கதிரவேலு, தன் கிணற்றுக்கட்டிலேயே மாரைப் பொத்திக்கொண்டு விழுந்தான், மோட்டார் பூட்டிய அன்று. மகாதேவி, கால் அழுகி, அடுத்த சித்திரையில். மாஸ்டர், பேப்பர் மடியில் இருக்க. மகன், பெயர் பிடிபடாத கடலில். பேத்தி, இந்த ஆஸ்பத்திரியில்தான், எந்தக் கட்டில் என்று தெரியாது. ஒவ்வொருவருக்கும் நாள் சொன்னேன். ஒன்றும் கலங்கவில்லை. பெர்னடெட் வாயில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப மிச்சம் ஒருத்தரும் இல்லையோ அப்பு?"

"ஒராள் இருக்கு. சுன்னாகத்திலை."

"நல்லதாப் போச்சு! நாளைக்கே சொல்லி அனுப்புறன், வந்து பாக்கட்டும்."

"வரச் சொல்லாதை பிள்ளை. செத்த பிறகு சொல்லு. அதுவும், வரவேணும் எண்டு சொல்லாதை. முடிஞ்சுது எண்டு மட்டும் சொல்லு."

"அவ உங்களுக்கு என்ன முறை?"

"அதை அவளைத்தான் கேக்கவேணும்."

"பேரையாவது சொல்லுங்கோவன்."

கொடும்பாவி இழுத்த நாளிலிருந்து இந்த வாயால் ஒருவருக்கும் சொல்லாத பெயர். மூச்சு எடுத்து, ஒருக்கால் விட்டு, திரும்பவும் எடுத்துத்தான் சொன்னேன்.

"செல்வநாயகி."